ஹார்ட்மேட் 3 இதயப் பம்ப்: தோட்டத்து வீட்டுக்கு ஒத்துவருமா?

ஹார்ட்மேட் 3 என்பது பலவீனமான இதயத்துக்கு உதவியாக நெஞ்சுக்குள் பொருத்தும் பம்ப். அதை ஓட்டும் கருவியான கன்ட்ரோலர் உடம்புக்கு வெளியே, பிளக்கிலோ பேட்டரியிலோ ஓடும். பம்பில் குறை சொல்ல அதிகமில்லை. எடை 200 கிராம். சுழலி காந்தத்தில் மிதப்பதால் உரசல் கிடையாது. இரண்டு விநாடிக்கு ஒரு தடவை வேகம் ஏறி இறங்கி, ரத்தம் தேங்காமல் கழுவிவிடுகிறது. 1,028 பேரை வைத்து நடந்த மொமென்டம் 3 ஆய்வில், இரண்டு ஆண்டுக்குள் பம்பில் ரத்தக்கட்டி இருப்பதாகச் சந்தேகிக்கப்பட்டவர்கள் 1.4 சதவீதம்தான். பழைய ஹார்ட்மேட் 2-இல் 13.9.

உடனே "ரத்தம் இளக்கும் மருந்தே தேவையில்லையாம்" என்று சுங்கை சிப்புட் காப்பிக்கடையில் யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். அறுவை முடிந்த கையோடு ஹெப்பாரின் (ரத்தம் இளக்கும் ஊசி மருந்து) ஏற்றுவதில்லை, உண்மை. நெஞ்சில் வைத்த வடிகுழாயில் வரும் ரத்தம் குறைந்த பிறகுதான். 2023-இல் வெளிவந்த ஏரிஸ் ஆய்வு ஆஸ்பிரினை விடலாம் என்று காட்டியது: ரத்தக்கசிவு 34 சதவீதம் குறைந்தது, ரத்தக்கட்டி கூடவில்லை. ரத்தம் இளக்கும் மாத்திரையான வார்ஃபரின் மட்டும் தொடரும், ஐ.என்.ஆர் (ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் அளவு) 2-க்கும் 3-க்கும் நடுவில். முட்டிவலிக்குப் பொன்ஸ்தான் மாத்திரை வாங்கிப் போடுவதும், டாக்டரைக் கேட்காமல் ஜாமு குடிப்பதும் கூடாது.

தோட்டத்தில் உண்மையான சோதனை கரண்ட்தான். சுவர்ப் பிளக்கிலிருந்து ஓடும் மின்பெட்டிக்குள் போடும் மூன்று சிறு பேட்டரிகள் அலாரம் அடிக்க மட்டுமே, பம்பை ஓட்டாது. இடிமழையில் கரண்ட் போனால் கன்ட்ரோலருக்குள் இருக்கும் அவசர பேட்டரி தாங்குவது 15 நிமிடம். அதற்குள் பெரிய பேட்டரிக்கு மாற்றிவிட வேண்டும். கன்ட்ரோலருக்கு மின்சாரம் தரும் இரண்டு வயரில் ஒன்றைக் கழற்றி, புது பேட்டரியின் சிவப்பு அம்பும் அதை மாட்டும் கிளிப்பின் சிவப்பு அம்பும் நேருக்கு நேர் வரும்படி செருகிப் பூட்டிய பிறகே அடுத்த வயர். இரண்டையும் ஒன்றாகப் பிடுங்குகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். சார்ஜரில் நான்கு பேட்டரி ஒரே நேரத்தில் ஏறும், நான்கு மணி நேரம் வரை பிடிக்கும். ஆகவே சாயங்காலம் மழை கட்டுவதற்கு முன்பே ஏற்றிவையுங்கள். தூங்கும்போது பேட்டரியில் ஓட்டாதீர்கள், பிளக்கில் ஓட்டுங்கள். சுவர் சுவிட்ச்சில் டேப் ஒட்டிவிட்டால் பிள்ளைகள் அணைக்க மாட்டார்கள்.

வெயிலில் வேர்த்து நீர் வற்றினால் ரத்த ஓட்டம் நிமிடத்துக்கு 2.5 லிட்டருக்குக் கீழே இறங்கி கன்ட்ரோலரில் இதய வடிவச் சிவப்பு விளக்கு எரியும். வயிற்றில் வயர் வெளிவரும் இடத்துப் பிளாஸ்டர் வேர்வையில் நனைந்தால் உடனே மாற்றுங்கள், கிருமி அங்கேதான் ஏறும். ஆற்றிலோ தொட்டியிலோ முங்கவே கூடாது.

இன்னொன்று: பம்ப் ரத்தத்தை இடைவிடாமல் தள்ளுவதால் நாடி பெரும்பாலும் கைக்குத் தட்டாது, சாதாரண பிரஷர் மெஷினும் பல நேரம் பிழை காட்டும். கிளினிக் நர்ஸ் பதறக் கூடாது. டாப்ளர் (ஒலி அலையால் ரத்த ஓட்டத்தைக் கேட்கும் கருவி) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், சராசரி அழுத்தம் 70 முதல் 90 வரை இருந்தால் சரி.