வயல் நீர்க்குழாய்: நெல்லுக்கு எப்போது தண்ணீர் பாய்ச்சுவது என்று காட்டும் கருவி

நெல் வயலில் மேலே தண்ணீர் வற்றிவிட்டால் பயிர் தாகத்தில் இருக்கிறது என்று பொருளல்ல. வேருக்கு எட்டுகிற ஆழத்தில் இன்னும் நீர் இருக்கும். அது கண்ணில் படாததால்தான் அவசரப்பட்டு மடையைத் திறக்கிறோம். மண்ணுக்குள் இருக்கும் அந்த நீர்மட்டத்தைக் காட்டுவதுதான் இந்தக் குழாயின் ஒரே வேலை. ஒழுங்காகப் பதித்தால் அதைக் குறையில்லாமல் செய்கிறது.

பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பரப்பிய வடிவம் இது: 30 செ.மீ. நீளமுள்ள பிவிசி குழாய், விட்டம் 10 முதல் 15 செ.மீ., அடிப்பாதியில் சுற்றிலும் 2 செ.மீ. இடைவெளியில் 5 மி.மீ. பொத்தல்கள். 15 செ.மீ. விட்டமுள்ளதையே எடுங்கள். 10 செ.மீ. குழாயில் கை தாராளமாக நுழையாது, உள்ளே படியும் சேற்றை அள்ளுவது பெரும்பாடு. துளை போடும் கருவி கைவசம் இருந்தால் மிச்சக் குழாயிலேயே செய்துகொள்ளலாம். மூங்கிலும் ஆகும்.

பெரும்பாலும் கெடுவது பதிக்கும்போதுதான். வரப்புக்கு அருகே, வயலின் சராசரி மட்டமுள்ள இடத்தில், 15 செ.மீ. மண்ணுக்குள்ளும் 15 செ.மீ. வெளியேயும் இருக்கும்படி அடித்து இறக்குங்கள். பிறகு உள்ளே இருக்கும் மண்ணை அடிவரை அள்ள வேண்டும். இதை விட்டுவிட்டால் குழாய் எதையும் காட்டாது. அடுத்து தண்ணீர் கட்டிப் பாருங்கள். சில மணி நேரத்தில் உள்ளேயும் வெளியேயும் மட்டம் ஒன்றாக வேண்டும். ஆகவில்லையென்றால் களிமண் பொத்தல்களை அடைத்திருக்கிறது. பிடுங்கிக் கழுவி மறுபடி பதியுங்கள். தொளிக்கு (உழுது குழைத்த சேற்றுக்கு) கீழே இறுகிக் கிடக்கும் மண் அடுக்கைக் குழாய் துளைத்துவிட்டால் நீர் அதன் வழியே இறங்கி, வயல் உண்மையில் இருப்பதைவிட வறண்டதாகக் காட்டும். மேடுபள்ளமான வயலில் ஒரே குழாயை நம்பவே கூடாது.

நட்டு ஒன்றிரண்டு வாரம் கழித்துக் காய்ச்சலும் பாய்ச்சலும், அதாவது வயலைக் காயவிட்டுப் பிறகு தண்ணீர் கட்டும் முறையை, தொடங்கலாம். களை மிகுதியாக இருந்தால் இரண்டு மூன்று வாரம் பொறுங்கள். தேங்கிய நீர்தான் களையை அடக்கும். குழாயில் நீர் தரைக்கு 15 செ.மீ. கீழே போனதும் 5 செ.மீ. உயரத்துக்குப் பாய்ச்ச வேண்டும். பூப்பதற்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் மட்டும் காயவிடாதீர்கள், மணி பதராகிவிடும். யூரியாவைத் தண்ணீர் கட்டுவதற்குச் சற்று முன் காய்ந்த மண்ணில் இட்டால் நீரோடு வேர்ப்பகுதிக்கு இறங்கும்.

ஒரு எக்டேரில் 5 செ.மீ. தண்ணீர் என்றால் 5 லட்சம் லிட்டர். பருவத்தில் இரண்டு பாசனம் குறைந்தாலே பத்து லட்சம் லிட்டர் மிச்சம். விளைச்சல் குறையாமல் 30 சதவீதம் வரை நீரை மிச்சப்படுத்த முடியும். நீர் தேங்கிய வயலில் காற்றில்லாத மண்ணில் வாழும் நுண்ணுயிரிகள் புவியைச் சூடாக்கும் வாயுவான மீத்தேனை உண்டாக்குகின்றன. இடையிடையே மண்ணுக்குள் காற்று நுழைந்தால் அந்த மீத்தேன் ஏறத்தாழ பாதியாகிறது. தழைச்சத்தை அளவுக்கு மேல் கொட்டினால் புவியைச் சூடாக்கும் இன்னொரு வாயுவான நைட்ரஸ் ஆக்சைடு கூடி, அந்த ஆதாயத்தில் ஒரு பகுதியைத் தின்றுவிடும்.

மணற்பாங்கான நிலத்தில் இதனால் பெரிய பலன் இல்லை. நீர் வேகமாக இறங்குவதால் அடிக்கடி பாய்ச்ச நேரும். முறை வைத்து வாய்க்காலில் தண்ணீர் வரும் இடங்களிலும் அப்படியே. குழாய் எதைக் காட்டினாலும், வேண்டிய நாளில் தண்ணீர் கிடைக்காது.

உணரி (சென்சார்) பொருத்திக் கைபேசிக்குச் செய்தி அனுப்பும் வகையும் வந்திருக்கிறது. ஒலியை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தால் மட்டத்தை அளக்கும் மீயொலி உணரி என்றால் எச்சரிக்கை தேவை. குறுகிய குழாயில் ஒலி சுவரில் பட்டுத் திரும்பும், சிலந்தி வலை கட்டினாலும் எண் பிசகும். வரப்பில் தினமும் நடப்பவருக்கு அளவுகோல் போதும். வயல்கள் தொலைவில் சிதறிக் கிடந்தாலோ, கார்பன் வரவுக்காக (வாயு வெளியீட்டைக் குறைத்ததற்குக் கிடைக்கும், விற்கக்கூடிய சான்றுக்காக) நீர்மட்டப் பதிவு காட்ட வேண்டியிருந்தாலோ மட்டும் உணரிக்குச் செலவழியுங்கள். எந்த வகையானாலும் பளிச்சென்ற கொடி ஒன்றைக் கட்டி வையுங்கள். அறுவடை எந்திரம் இறங்குமுன் பிடுங்காவிட்டால் குழாய் நொறுங்கி, பிவிசி துண்டுகள் வயலிலேயே தங்கிவிடும்.