ரப்பரா, ஸ்டீல் பின்னலா? டிராக்குக்குப் போகும் ஜிஆர் 86-க்கு எந்த பிரேக் ஹோஸ்

மலேசியாவின் செபாங் டிராக்கில் ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர், 15 வளைவுகள். பிரேக்கை உண்மையில் வதைப்பவை அதில் இரண்டு இடங்கள்: பின்பக்க நேர்பாதை முடிகிற 15-ஆவது வளைவும், மெயின் ஸ்ட்ரெய்ட் முடிகிற முதல் வளைவும். இரண்டும் அடுத்தடுத்து வருவதால், சூடான டிஸ்க் ஆறுவதற்குக் கிடைப்பது நடுவில் இருக்கும் அந்த ஒரு நேர்பாதைதான். ஓட்டுநரோடு சேர்த்து 1,350 கிலோ வருகிற ஒரு டொயோட்டா ஜிஆர் 86, மணிக்கு 190 கி.மீ. வேகத்திலிருந்து 70-க்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரே மிதியில் சுமார் 16 லட்சம் ஜூல் ஆற்றலை பிரேக் விழுங்கியாக வேண்டும்.

இப்படி நாலைந்து சுற்று போனதும் பெடல் பஞ்சு மாதிரி ஆகிவிடுகிறது. உடனே பலரும் விலை விசாரிப்பது ஸ்டீல் பிரெய்டட் ஹோஸை, அதாவது ஸ்டீல் கம்பி பின்னிய பிரேக் குழாயைத்தான். பழுது அங்கேதான் இருக்கிறதா என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும்.

பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து சக்கரம் வரைக்கும் பிரேக் ஆயில் போகிற வழியில் பெரும்பகுதி இரும்புக் குழாய்தான். சக்கரம் ஏறி இறங்கித் திரும்பும் கடைசித் துண்டில் மட்டும் வளையும் ஹோஸ் இருக்கும். ஒரிஜினல் ஹோஸ் என்பது ரப்பர், நடுவே வலுவுக்கு நூல் பின்னல், மேலே மறுபடியும் ரப்பர். அழுத்தம் ஏறும்போது அது கொஞ்சம் உப்பும். உப்புகிற அளவுக்கு பெடல் கூடுதலாக உள்ளே போகும். பிரெய்டட் ஹோஸில் உள்ளே டெஃப்லான் குழாய், அதைச் சுற்றி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிப் பின்னல். அது உப்புவது மிகக் குறைவு.

ஆனால் ரப்பர் எல்லாமே ஒரே தரம் இல்லை. அமெரிக்காவின் எஃப்எம்விஎஸ்எஸ் 106 என்ற வாகனப் பாதுகாப்பு விதி, 1,000 பிஎஸ்ஐ அழுத்தத்தில் ஒரு அடி நீளத்துக்கு எவ்வளவு உப்பலாம் என்று வரம்பு வைத்திருக்கிறது. எட்டில் ஒரு அங்குல உள்விட்டம் கொண்ட சாதாரண ஹோஸுக்கு 0.66 கன செ.மீ., குறைவாக உப்பும் வகைக்கு அதில் பாதி, 0.33. அதாவது நல்ல புது ரப்பர் ஹோஸ், நாம் நினைப்பதைவிட ஸ்டீல் பின்னலுக்கு நெருக்கமாகவே நிற்கும். தொல்லை கொடுப்பது வயதான ரப்பர். இதைக் கையாலேயே சோதிக்கலாம். எஞ்சினை ஓடவிட்டு ஒருவரை பெடலை அழுத்தி அழுத்தி விடச் சொல்லிவிட்டு, முன்சக்கரத்து ஹோஸை இரண்டு விரலால் பிடித்துப் பாருங்கள். ஒவ்வொரு மிதிக்கும் அது விரலைத் தள்ளுவது தெளிவாகத் தெரிந்தாலோ, வளைத்தால் மேல்தோலில் வெடிப்பு தெரிந்தாலோ, அதன் காலம் முடிந்துவிட்டது. அந்த நிலையில் ரப்பருக்கு ரப்பரே மாற்றினாலும் பெடல் நன்றாகத் தேறும்.

சரி, பிரெய்டட் போட்டால் கார் சீக்கிரம் நிற்குமா? நிற்காது. ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) வேலை செய்யும் அளவுக்கு ஏற்கெனவே உங்களால் மிதிக்க முடிகிறது என்றால், நிற்கும் தூரத்தைத் தீர்மானிப்பது டயர். ஹோஸ் தருவது காலுக்குத் தெரியும் துல்லியம்: எவ்வளவு மிதித்தால் எவ்வளவு பிடிக்கும் என்பது சட்டென்று பிடிபடும். வளைவுக்குள் நுழையும்போது பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிற பழக்கம் உள்ளவருக்கு அது பெரிய விஷயம். ஆனால் சாதாரண ஜிஆர் 86-இல் முன்பக்கம் இருப்பது நகரும் வகை காலிப்பர் (பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்திக் கவ்வும் பகுதி). அதன் நெளிவும் பேட் அமுங்குவதும் எந்த ஹோஸ் போட்டாலும் அப்படியே இருக்கும்.

டிராக்கில் பெடல் கெட்டால் இரண்டு கேள்வி கேளுங்கள். பெடல் தரை வரைக்கும் போகிறதா? அப்படியென்றால் பெரும்பாலும் ஆயில் கொதித்திருக்கிறது. பெடல் இறுக்கமாக இருந்தும் கார் நிற்க மறுக்கிறதா? பேட் தன் வெப்ப எல்லையைத் தாண்டிவிட்டது. இரண்டுக்கும் ஹோஸ் மருந்தில்லை. பிரேக் ஆயிலுக்கான டாட் 4 தரம் கேட்கும் குறைந்தபட்சக் கொதிநிலை, புது ஆயிலுக்கு 230 டிகிரி செல்சியஸ், 3.7 சதவீதம் ஈரம் சேர்ந்துவிட்டால் 155. மோட்டுல் ஆர்பிஎஃப் 600 போன்ற ரேஸ் ஆயில் புதிதாக இருக்கும்போது 312 வரை தாங்கும். கையில் இருக்கும் பணத்துக்கு முதலில் ஆயில், அடுத்தது டிராக் பேட், அப்புறம்தான் ஹோஸ். இந்த வரிசையை மாற்றச் சொல்லும் கடைக்காரரை நான் நம்பமாட்டேன்.

பிரெய்டட் ஹோஸுக்கு இன்னொரு முகமும் உண்டு. ரப்பர் கெட்டால் வெளியே வெடிப்பாகத் தெரியும். ஸ்டீல் பின்னல் தன் உள்ளே நடப்பதை மறைத்துவிடும். பின்னலின் மேலுறை கிழிந்து மணல் புகுந்தால் அது டெஃப்லானைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். பின்னல் எதிலாவது உரசினால் அதை அரத்தால் ராவியதுபோல அறுத்தும்விடும். அதனால் மேலுறை உள்ளது, முனைகள் கம்பெனியிலேயே அழுத்திப் பொருத்தப்பட்டது, தரச்சான்று பெற்றது என்று பார்த்து வாங்குங்கள். குட்ரிட்ஜ், ஹெல் போன்றவர்கள் காருக்கென்றே அளவெடுத்த செட் விற்கிறார்கள். நீளம் வெட்டி நாமே முனை பூட்டிக்கொள்ளும் வகையை, பிரேக் விஷயத்தில் நான் தொடவே மாட்டேன்.

ஆண்டுக்கு ஓரிரு முறை டிராக், மற்றபடி தினமும் ஆபீஸ் என்றால் புது ஒரிஜினல் ரப்பரும் நல்ல ஆயிலும் போதும். மாதாமாதம் செபாங் போகிறவர், ஒவ்வொரு முறையும் காரைத் தூக்கிச் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கிற பொறுமை உள்ளவர், பிரெய்டட் போடட்டும். ஆயில் மாற்றும் அன்றே அதையும் சேர்த்துப் போட்டால் ஏர் எடுக்கும் வேலை, அதாவது குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றுவது, ஒன்றே.

போடும்போது இரும்புக் குழாயின் நட்டை சாதாரண ஸ்பானரால் திருகாதீர்கள், முனை மழுங்கிவிடும். நட்டைச் சுற்றிலும் பிடிக்கும் ஃப்ளேர் நட் ஸ்பானர்தான் வேண்டும். காலிப்பர் பக்கம் புது வாஷர் போடுங்கள். ஹோஸ் முறுக்கிக்கொள்ளக் கூடாது. பூட்டியதும் சக்கரம் தொங்கும் நிலையிலும், கார் தரையில் நிற்கும் நிலையிலும் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி, ஹோஸ் எங்கும் இழுபடவோ உரசவோ இல்லை என்று கண்ணால் பாருங்கள். வேலை முழுக்க ஆயில் டப்பா வற்றாமல் ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும். காற்று ஏபிஎஸ் யூனிட்டுக்குள் போய்விட்டால் அதை வெளியே எடுக்க ஸ்கேனர் வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப்பைத் தேட வேண்டியிருக்கும்.