இன்கிரஸ் போட்டுத் தருகிறேன் என்று வருபவரிடம் ஜாக்கிரதை

சிங்கப்பூரில் சின்னதாகக் கடை வைத்து ஆன்லைனில் ஆர்டர் எடுக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். "உங்க கிளஸ்டருக்கு வெளியிலேர்ந்து வழி போட்டுத் தர்றேன், இன்கிரஸ், எஸ்எஸ்எல் எல்லாம் சேர்த்து ஒரே விலை" என்று வாட்ஸ்அப் குழுக்களில் ஒருவர் சுற்றிக்கொண்டிருக்கிறார். கிளஸ்டர் என்றால் உங்கள் தளம் ஓடும் சர்வர்களின் கூட்டம். எஸ்எஸ்எல் என்றால் தளத்துக்கும் பிரவுசருக்கும் நடுவே போவதைப் பூட்டிக் காக்கும் சான்றிதழ். இன்கிரஸ் என்ன என்று கீழே சொல்கிறேன். பேச்சு இனிமையாக இருக்கும், அண்ணே அண்ணே என்று பழகுவார். தேக்காவில் பலகாரக் கடை வைத்திருக்கும் என் மாமா அவரிடம் 3,200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்தார். பாதி முன்பணம், மீதி வேலை முடிந்ததும். மீதியும் போன பிறகுதான் விஷயம் என் காதுக்கு வந்தது.

பலகாரக் கடைக்கு எதற்குக் கிளஸ்டர், அதை மேய்க்கும் குபர்நெட்டிஸ் மென்பொருள் என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன். ஒரு சின்ன சர்வரே தாராளம். ஆனால் முன்பு இணையத்தளம் கட்டிய பையன் தன் ஆசைக்கு அப்படிக் கட்டிவிட்டுப் போய்விட்டான். ஆர்டர் பக்கம், சமையலறைத் திரை, கணக்குப் பக்கம், டேட்டாபேஸ் நான்கும் தனித்தனி கன்டெய்னர்களாக (தனக்கு வேண்டியதோடு பெட்டியில் அடைத்த மென்பொருள்) ஒரு கிளவுட் நிறுவனத்தின் சிங்கப்பூர் மையத்தில் ஓடிக்கொண்டிருந்தன. வாடிக்கையாளர் அங்கே வந்து சேர ஒரு வழி வேண்டும், அவ்வளவுதான் வேலை.

அந்த வேலை எப்படி இருக்க வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். காண்டோ அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரே கேட், அங்கே ஒரு காவலாளி. எந்த வீட்டுக்கு என்று கேட்டு உள்ளே அனுப்புவார். இன்கிரஸ் செய்வதும் அதுதான். வெளியே ஒரே லோட் பேலன்சர் (வரும் கோரிக்கைகளை வாங்கி உள்ளே விடும் வாசல்), ஒரே பொது முகவரி. வரும் கோரிக்கையின் டொமைன் பெயரையும் பாதையையும் பார்த்து உள்ளே உரிய சர்வீஸுக்கு, அதாவது ஆர்டர் பக்கம் மாதிரி ஒரு பகுதிக்கு, அனுப்பும். வெளியாட்களுக்குத் தேவையில்லாத டேட்டாபேஸுக்கு வெளிவழியே இருக்கக்கூடாது.

எங்கள் ஆள் செய்தது வேறு. முதல் மாத கிளவுட் பில் வந்ததும் மாமா போன் செய்தார். "டேய், எப்பவும் வர்றதைவிட ரெண்டு மடங்கு வந்திருக்குடா, என்னன்னு பாரு." உள்ளே போய் எல்லா நேம்ஸ்பேஸுக்கும் (கிளஸ்டரின் உட்பிரிவுகள்) சேர்த்து, இருக்கிற இன்கிரஸ்களைக் காட்டும் 'குபெக்டல் கெட் இன்கிரஸ்' என்ற கட்டளையை அடித்தேன். எதுவுமே இல்லை என்று வந்தது. இன்கிரஸ் போட்டதாகப் பணம் வாங்கிய கிளஸ்டரில் பெயருக்குக்கூட ஒரு இன்கிரஸ் கிடையாது. சர்வீஸ்களைப் பட்டியலிட்டால் நான்குக்கும் நான்கு லோட் பேலன்சர்கள். அவை ஒவ்வொன்றுக்கும், ஆள் வந்தாலும் வராவிட்டாலும், மணிக்கணக்கில் காசு ஓடும். பொது முகவரிக்கும் பல இடங்களில் தனிக் கட்டணம் உண்டு. பில் ஏறியது இதனால்தான்.

பில்லாவது பரவாயில்லை. டேட்டாபேஸுக்குள் நுழையும் வாசலான 5432 போர்ட் உலகம் முழுவதற்கும் திறந்து கிடந்தது. அதன் பதிவேட்டில் எங்கிருந்தோ யார் யாரோ கடவுச்சொல்லை ஊகித்து ஊகித்துத் தட்டியிருந்தார்கள். யாரும் உள்ளே நுழைந்ததாகத் தடயம் இல்லை. உள்ளே இருந்தவை வாடிக்கையாளர்களின் பெயர், கைபேசி எண், வீட்டு முகவரி. இங்குள்ள தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, வேலையை வெளியாளிடம் கொடுத்திருந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் கடைக்காரர்தான். 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரின் விவரம் கசிந்தது என்று தெரியவந்தால், அதை மதிப்பிட்டு முடித்த 3 நாளுக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மாமாவிடம் இதைச் சொன்னதும் அவர் முகம் போன போக்கு எனக்குத்தான் தெரியும்.

ஆளைக் கூப்பிட்டுக் கேட்டோம். "அண்ணே, ஸ்க்ரீன்ல சைட் வருதுல்ல? அப்புறம் என்னண்ணே பிரச்சினை?" என்றார். கொஞ்சம் குரல் உயர்ந்த பிறகு சரி, சரி செய்கிறேன் என்று வந்தார். 2025 ஜூலையில், இன்கிரஸ் விதிகளைப் படித்து வழி காட்டும் வேலையைச் செய்கிற இன்கிரஸ்-என்ஜின்எக்ஸ் என்ற கன்ட்ரோலர் மென்பொருளை நிறுவினார். நிறுவியது 1.9 வரிசைப் பதிப்பு. அந்த மென்பொருளில் ஆபத்து அளவுகோலில் 10க்கு 9.8 பெற்ற பாதுகாப்பு ஓட்டை ஒன்று 2025 மார்ச்சில் வெளியாகி, 1.11.5, 1.12.1 பதிப்புகளில் அடைக்கப்பட்டிருந்தது. கிளஸ்டரின் உள் நெட்வொர்க்கை எட்ட முடிந்த எவரும் எந்தக் கடவுச்சொல்லும் இல்லாமல் கன்ட்ரோலரைக் கைப்பற்றலாம். வழக்கமான அமைப்பில் அந்தக் கன்ட்ரோலருக்குக் கிளஸ்டரின் எல்லா ரகசியங்களையும் (கடவுச்சொற்கள், சாவிகள்) படிக்கும் உரிமை உண்டு. உலகமே பேசி முடித்து நான்கு மாதம் கழித்து, பழைய பதிப்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார். பழைய வேலையிலிருந்து அப்படியே ஒட்டியிருப்பார் என்று நினைக்கிறேன்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. 2026 மார்ச்சுக்குப் பிறகு இன்கிரஸ்-என்ஜின்எக்ஸுக்குப் பாதுகாப்புத் திருத்தம்கூட வராது என்று குபர்நெட்டிஸ் தரப்பே 2025 நவம்பரில் அறிவித்துவிட்டது. இனிமேல் யாராவது புதிதாக அதைப் போட்டுத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். இன்கிரஸுக்கு அடுத்து வந்த கேட்வே ஏபிஐ முறைக்குப் போகச் சொல்கிறார்கள், அல்லது பராமரிப்பில் உள்ள வேறு கன்ட்ரோலர்கள் இருக்கின்றன.

எனக்கு உண்மையில் வயிறு எரிந்தது சான்றிதழ் விஷயத்தில். எல்லாம் சேர்த்து ஒரே விலை என்றவர், பிறகு அனுப்பிய இன்வாய்ஸில் 'எஸ்எஸ்எல் ஆண்டுக் கட்டணம் 480 வெள்ளி' என்று தனியாக ஒரு வரி போட்டிருந்தார். பிரவுசரில் சான்றிதழ் விவரத்தைத் திறந்து பார்த்தேன். வழங்கியவர்: லெட்ஸ் என்கிரிப்ட். அது இலவசம். அதன் சான்றிதழ் அதிகபட்சம் 90 நாள்தான் செல்லும், ஆண்டு என்ற கணக்கே அங்கே இல்லை. செர்ட்-மேனேஜர் என்ற ஒன்றைக் கிளஸ்டரில் போட்டுவிட்டால் தானே புதுப்பித்துக்கொள்ளும். இவர் அதைப் போடவில்லை. தன் மடிக்கணினியில் உருவாக்கிக் கொண்டுவந்து ஒட்டியிருந்தார். விளைவு, தீபாவளி ஆர்டர் குவியும் வாரத்தில் அது காலாவதியானது. முறுக்கும் அதிரசமும் வாங்க வந்தவர்களின் திரையில் 'இந்தத் தளம் பாதுகாப்பற்றது' என்று சிவப்பாக எச்சரிக்கை. போன் செய்தால் "அர்ஜென்ட் வேலைண்ணே, 250 வெள்ளி ஆகும்" என்கிறார்.

அதே இன்வாய்ஸில் 9% ஜிஎஸ்டியும் இருந்தது, பதிவு எண் இல்லை. வரித்துறையான ஐராஸின் தளத்தில் ஜிஎஸ்டி பதிவு உள்ள வணிகங்களைத் தேடிப் பார்க்கலாம். இவர் அதில் இல்லை. பதிவு இல்லாமல் ஜிஎஸ்டி வசூலிப்பது இங்கே குற்றம்.

250 வெள்ளியைக் கொடுக்க மறுத்தோம். அப்போதுதான், டொமைன் பெயரை சர்வர் முகவரியோடு இணைக்கும் டிஎன்எஸ் அவர் கணக்கில் இருப்பது தெரிந்தது. "அப்போ நீங்களே பார்த்துக்கங்க" என்று சொல்லிவிட்டு போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். நல்லவேளை, டொமைன் டாட் காம் டாட் எஸ்ஜி. அதைப் பதிவுசெய்ய நிறுவனப் பதிவு வேண்டும் என்பதால் மாமாவின் கடைப் பெயரிலேயே இருந்தது. டொமைனைப் பதிவுசெய்து தந்த ரெஜிஸ்ட்ராரின் தளத்தில் நுழைந்து, டிஎன்எஸ் எங்கே என்று காட்டும் நேம்சர்வரை எங்கள் கணக்குக்கு மாற்றினேன். எல்லா இடத்திலும் மாறி முடியும்வரை ஆர்டர்களை போனில்தான் எடுத்தார்கள். கடையில் அத்தை கத்திய கத்தலை இங்கே எழுத முடியாது.

கிளஸ்டரின் சாவியும் அவரிடம்தான். அவர் கையில் இருந்தது கிளையன்ட் சான்றிதழ் உள்ள நிர்வாகிக் கோப்பு. அப்படிப்பட்ட ஒரு சான்றிதழை மட்டும் தனியாக ரத்து செய்யும் வசதி குபர்நெட்டிஸில் கிடையாது, அதை வழங்கிய மூலச் சான்றிதழையே மாற்ற வேண்டும். அதைவிடப் புதுக் கிளஸ்டர் கட்டுவது சுலபம் என்று கட்டிவிட்டேன். ஒரே லோட் பேலன்சர். டேட்டாபேஸுக்கு வெளிவழி இல்லை. கிளஸ்டரை நிர்வகிக்கும் ஏபிஐ சர்வருக்கு வருவதற்கு எங்கள் முகவரிக்கு மட்டும் அனுமதி.

இந்த மாதிரி வேலையை வெளியாளிடம் கொடுப்பவர்கள் கிளவுட் கணக்கு, டொமைன், டிஎன்எஸ் மூன்றையும் உங்கள் கடை மின்னஞ்சலில் திறந்து, அவருக்கு உள்ளே ஒரு பயனர் கணக்கு மட்டும் கொடுங்கள். வேலை முடிந்தால் அதை எடுத்துவிடலாம். மீதிப் பணம் தருவதற்கு முன்னால் நான் மேலே சொன்ன கட்டளையை (கேட்வே ஏபிஐ என்றால் இன்கிரஸுக்குப் பதில் கேட்வே என்று) உங்கள் முன்னால் அடிக்கச் சொல்லுங்கள். சான்றிதழ் எப்படிப் புதுப்பிக்கப்படும் என்று கேளுங்கள். "நான் பார்த்துக்கிறேன்ணே" என்பது பதில் ஆகாது. பேநவ்வில் பணம் அனுப்பினால் நிறுவனத்தின் பதிவு எண்ணான யுஇஎன்னுக்கு அனுப்புங்கள். மாமா அனுப்பியது அவருடைய கைபேசி எண்ணுக்கு, அதனால் இப்போது நிறுவனம் வேறு ஆள் வேறு என்று பேசுகிறார்.

பயனீட்டாளர் சங்கம் கடைக்கும் கடைக்கும் உள்ள தகராறை எடுத்துக்கொள்ளாது. சின்னத் தொகைத் தகராறுகளை விசாரிக்கும் ஸ்மால் கிளெய்ம்ஸ் டிரிபியூனலுக்குப் போகலாம். 20,000 வெள்ளி வரை, சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள், வழக்கறிஞர் இல்லாமல். நாங்கள் அங்கேதான் போட்டிருக்கிறோம். இன்வாய்ஸ், சான்றிதழின் ஸ்க்ரீன்ஷாட், வாட்ஸ்அப் உரையாடல் எல்லாம் கொடுத்தாகிவிட்டது. மனு போட்ட சேதி எட்டியதும் 480 வெள்ளியை மட்டும் திருப்பி அனுப்பினார். மாமா மனுவை வாபஸ் வாங்கவில்லை.

ஆள் பெயர் கேட்டு இன்பாக்ஸில் வராதீர்கள், முடிவு வரும்வரை சொல்லமாட்டேன். உங்கள் கையில் இதுபோல ஒரு கொட்டேஷன் இருந்தால் பெயர், எண்களை மறைத்துவிட்டுக் கீழே போடுங்கள், சனி ஞாயிறில் உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.