மார்த்தாண்டத்தில் ஒரு வயிற்று ஸ்கேன்

குலசேகரத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவன் நான். பொரித்த மீன் தின்ற இரவுகளில் வலது விலாவுக்கடியில் பிடிக்கும் வலி, தோள்பட்டை வரை ஏறும். வாயு என்று 6 மாதம் இஞ்சிச்சாறு குடித்தேன்.

மார்த்தாண்டத்தில் ஒரு ஸ்கேன் மையம். 8 மணி நேரம் பட்டினியாக வரச் சொன்னார்கள். சாப்பிட்டால் பித்தப்பை சுருங்கிவிடுமாம். டோக்கன் காலை 7 மணிக்கு, கூப்பிட்டது 10.30க்கு. பட்டினி கிடப்பவனைப் பழம்பொரி வாசனையில் உட்கார வைப்பது கொடுமை.

ஆனால் டாக்டர் நிதானமானவர். குளிர்ந்த ஜெல் தடவி, ஈரலுக்கு அடியில் கறுப்பாகத் தெரிந்த பையைக் காட்டினார். உள்ளே வெள்ளையாக ஒரு கல், அதன் பின்னால் நிழல். இடப்பக்கம் புரளச் சொன்னார், கல்லும் புரண்டது! கணையம், மண்ணீரல், சிறுநீரகங்கள் எல்லாம் சுகம். அறிக்கை அரை மணி நேரத்தில் கிடைத்தது. கழிவறைக்கு மட்டும் தாழ்ப்பாள் இல்லை.