டாகிலா, கூகுள் ஷீட்டா?

வீட்டிலிருந்து மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். எதற்கு எவ்வளவு நேரம் போகிறது என்று பார்க்க இரண்டு மாதம் டாகில் (Toggl) என்ற நேரம் பதியும் செயலி, இரண்டு மாதம் கூகுள் ஷீட் என்று ஓட்டிப் பார்த்தேன்.

டாகில் 2006இல் எஸ்டோனியாவில் பிறந்தது. 5 பேர் வரை இலவசம். வேலையின் பெயரைத் தட்டி பட்டனை அழுத்தினால் போதும், நேரம் ஓட ஆரம்பித்துவிடும். நிறுத்த மறந்தால்தான் வம்பு. ஒருநாள் குக்கர் விசில் கேட்டு எழுந்து போனவள், சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டுவிட்டு வந்தேன். திரையில் ‘பிழைதிருத்தம் 3:52:10’ என்று இன்னும் ஓடிக்கொண்டிருந்தது!

ஷீட்டில் எதுவும் தானாக ஓடாது. தொடங்கும்போதும் முடிக்கும்போதும் கன்ட்ரோல், ஷிப்ட், அரைப்புள்ளி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அப்போதைய நேரம் கட்டத்தில் விழும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் கணக்கு முடிந்தது. இரவு 11:30க்கு உட்கார்ந்து நள்ளிரவு தாண்டி 12:45க்கு எழுந்தால் மட்டும் விடை மைனஸில் போகும். வகுத்த மீதியைத் தரும் மாட் (MOD) ஃபார்முலா போட்டால் சரியாகிவிடும். அப்புறம், குறிக்க மறந்தால் குத்துமதிப்பாக ஒரு நேரத்தை எழுதிக்கொள்ளலாம் (நான் நிறையவே எழுதியிருக்கிறேன்).

மணிக்கணக்கில் பில் போடுபவர்களுக்கு டாகில்தான் சரி. வாடிக்கையாளர் வாரியாக அறிக்கை தானே வந்துவிடும். எனக்குப் பக்கக் கணக்கில் கூலி. ஷீட்டே போதும்.