எழுத்தாளர் ஆசைக்கு இலக்கு நோட்டு போட்டால் வேலைக்கு ஆகுமா? பத்தாம் வகுப்பு விடுமுறையில் தொடங்கியவளின் அனுபவம்

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிந்த விடுமுறையில் ஒரு நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் 'இலக்குகள்' என்று தலைப்புப் போட்டேன். பிளஸ் ஒன், பிளஸ் டூ எல்லாம் தாண்டி, கல்லூரி முதல் வருடத்திலும் அந்தப் பழக்கம் விடவில்லை. நோட்டுகள் மாறின; அதைவிட அதிகமாக இலக்குகள் மாறின. எது தாக்குப்பிடித்தது, எது பாதியில் கழன்றது என்று என் வயதுக்காரர்கள் கேட்பதால் எழுதுகிறேன். ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன்: நான் புத்தகம் போட்டவள் இல்லை. அதனால் சாதித்தவரின் அறிவுரையை எதிர்பார்த்து வந்தவர்கள் ஏமாறக் கூடும்.

நோட்டு சாதாரண லாங் சைஸ், 192 பக்கம், கோடு போட்டது. நடுவில் ஒரு வருடம் நகைக்கடையில் கொடுத்த டயரியையும் பயன்படுத்திப் பார்த்தேன். தேதி அச்சடித்த பக்கம் எனக்கு ஒத்துவரவில்லை. அரையாண்டுத் தேர்வு சமயத்தில் காலியாகக் கிடந்த தேதிகள், டயரியைத் திறக்கும்போதெல்லாம் வட்டிக்காரர் மாதிரி முன்னால் வந்து நின்றன. நோட்டில் அந்தத் தொல்லை இல்லை. விட்ட இடத்தில் தொடரலாம், நடுவில் எவ்வளவு நாள் போனது என்று யாருக்கும் தெரியாது.

முதல் பக்கத்தில் இருந்தவை: தினமும் ஐந்நூறு வார்த்தை, வாரம் ஒரு புத்தகம், பத்திரிகையில் பெயர், பிளஸ் டூ முடிப்பதற்குள் ஒரு நாவல். கடைசியில், பெரிய எழுத்தில், ஜெயகாந்தன்.

ஜெயகாந்தன் எதற்கு என்றால், எங்கள் ஊர் கடலூர். இங்கே ஒரு பிள்ளை கதை எழுதுகிறது என்று தெரிந்தால் போதும், "ஜெயகாந்தன் நம்ம மஞ்சக்குப்பத்துல பொறந்தவரு, தெரியுமா?" என்று யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். 1934இல் பிறந்தார், 2002ஆம் ஆண்டுக்கான ஞானபீடம் வாங்கினார், எல்லாம் சரி. இன்னும் கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள், புதுமைப்பித்தன் பிறந்ததும் நம் திருப்பாதிரிப்புலியூரில்தான், 1906இல், என்று கூடவே சேர்ப்பார்கள். (திருநெல்வேலிக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், பிறந்ததோடு சரி.) இந்த ஊர்ப் பெருமையை வைத்து இலக்கு போட முடியாது. ஜெயகாந்தன் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். அவர் பெயரை எழுதிவிட்டு அதற்குக் கீழேயே கெமிஸ்ட்ரி டியூஷன் நேரத்தைக் குறித்துவைத்தால் பார்க்கச் சிரிப்புதான் வரும்.

வார்த்தைக் கணக்கு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எழுத ஆரம்பிக்கிற எல்லாருக்கும் முதலில் கிடைப்பது அதுதான். அமெரிக்காவில் 1999இல் தொடங்கிய நானோரைமோ என்ற பழக்கம் உலகம் முழுக்கப் பரவியது. நவம்பர் மாதத்துக்குள் 50,000 வார்த்தையில் ஒரு நாவல், அதாவது நாளுக்கு 1,667 வார்த்தை. 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தனிப் பிரிவு இருந்தது, அதில் இலக்கை அவரவரே வைத்துக்கொள்ளலாம். அதை நடத்திய அமைப்பு 2025இல் மூடுவதாக அறிவித்துவிட்டது; பழக்கம் மட்டும் இன்னும் பல பேரிடம் இருக்கிறது.

நவம்பரைத் தேர்ந்தெடுத்தவர்களுக்குக் கடலூரைத் தெரிந்திருக்க நியாயமில்லை. இங்கே அது வடகிழக்குப் பருவமழை மாதம். பள்ளிக்கு மழை லீவு கிடைக்கும், எழுதலாம் என்று உட்கார்ந்தால் கரண்ட் போய்விடும். போனில் இருக்கிற சார்ஜை அப்பா 'அவசரத்துக்கு' என்று வாங்கி வைத்துக்கொள்வார். மழை விட்டால் அரையாண்டுத் தேர்வு. ஏப்ரல் கடைசியில் தொடங்குகிற கோடை விடுமுறைதான் இங்கே நாவல் மாதம் ஆக முடியும்.

மழையைக்கூடச் சமாளித்துவிடலாம். தமிழில் வார்த்தையை எண்ணுவதுதான் பெரிய கூத்து. கூகுள் டாக்ஸ் இடைவெளியைப் பார்த்துத்தான் எண்ணுகிறது. 'பேசிக்கொண்டிருந்தாள்' என்று சேர்த்து எழுதினால் ஒன்று. 'பேசிக் கொண்டு இருந்தாள்' என்று பிரித்தால் மூன்று. இரவு பதினோரு மணிக்கு இன்னும் நூறு வார்த்தை பாக்கி என்றால் கட்டைவிரல் தானாக ஸ்பேஸ் பட்டனுக்குப் போகும். அந்தக் காலத்துக் கதைகளில் என் ஆட்கள் யாரும் வெறுமனே பார்த்ததில்லை, 'நின்று கொண்டு பார்த்துக் கொண்டு' இருந்தார்கள். தமிழ் மிஸ் ஒரு கதையைப் படித்துவிட்டு, "உன் ஆளுங்க ஏன்டி எப்பப் பாத்தாலும் எதையாவது செஞ்சிக்கிட்டே இருக்காங்க? ஒரு தடவை செஞ்சி முடிக்கச் சொல்லு" என்றார். வார்த்தை இலக்கைப் பற்றி இதைவிட நல்ல விமர்சனம் எனக்குக் கிடைக்கவில்லை.

வாரம் ஒரு புத்தகம் என்பதிலும் இதே சங்கதிதான். மாவட்ட மைய நூலகத்தில் நின்று, பிடித்த புத்தகத்தை விட்டுவிட்டு மெல்லிய புத்தகத்தைத் தேட வைத்தது அந்த இலக்கு. இப்போது அதை மாற்றி, பிடித்த ஒரு கதையில் ஒரு பக்கத்தைக் கையால் பார்த்து எழுதுவது என்று வைத்திருக்கிறேன். எங்கே பத்தி முடிகிறது, எங்கே ஆள் பேச ஆரம்பிக்கிறார் என்பதெல்லாம் படிக்கும்போது தெரியாது, எழுதும்போது தெரிகிறது.

அரை மணி நேர இலக்கும் வைத்துப் பார்த்தேன். பிளஸ் டூ வருடத்தில் அது ஒன்றுதான் சாத்தியம். மோசமில்லை.

எல்லாவற்றையும் விட நீண்ட நாள் நின்றது, இலக்கு என்றே சொல்ல முடியாத ஒன்று. அன்று காதில் விழுந்த யாரோ ஒருவருடைய பேச்சை, அவர் சொன்ன மாதிரியே நாலு வரி எழுதி வைப்பது. பிளஸ் ஒன் தமிழ்ப் புத்தகத்தில் ஆனந்தரங்கர் நாட்குறிப்பைப் பற்றி ஒரு பாடம் உண்டு. தேர்வுக்கு மனப்பாடம் செய்த விஷயம், அப்புறம்தான் உறைத்தது. ஆனந்தரங்கப் பிள்ளை பக்கத்துப் புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேவுக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். 1736இல் எழுதத் தொடங்கி 1761இல் இறக்கும் காலம் வரை எழுதியிருக்கிறார். எந்தக் கப்பல் வந்தது, என்ன சரக்கு வந்தது, கவர்னர் யாரிடம் என்ன சொன்னார், ஊரில் யாருக்கும் யாருக்கும் தகராறு என்பதுதான் அதில் நிறைய. தான் எழுத்தாளர் ஆக வேண்டும் என்று அவர் இலக்கு வைத்த மாதிரி தெரியவில்லை. ஆனால் அந்தக் காலத்துப் புதுச்சேரி எப்படிப் பேசியது என்று தெரிந்துகொள்ள இன்றைக்கும் அவரிடம்தான் போக வேண்டியிருக்கிறது. வியாபாரத்தையும் பார்த்துக்கொண்டு ஒருவர் இருபத்தைந்து வருடம் எழுத முடியுமென்றால், டியூஷன் போகிறவளால் நாலு வரி முடியாதா என்று ஆரம்பித்தேன்.

தாழங்குடாவிலிருந்து மீன் கொண்டு வருகிற மீன்காரம்மா என் நோட்டில் அதிகம் வருகிறவர். அம்மா, "நேத்து நூத்தம்பதுன்ன, இன்னிக்கு எரநூறுங்கற?" என்று கேட்டதற்கு அவர் சொன்னது: "நேத்து மீனு நேத்தோட போச்சி தாயி. இன்னிக்கு மீனுக்கு இன்னிக்கு வெல." இதை எழுதும்போதுதான் இன்னொன்றைக் கவனித்தேன். விலை படிவதற்கு முன்னாலேயே அவர் மீனை எங்கள் வீட்டுத் தட்டில் வைத்துவிடுகிறார். நம் தட்டுக்கு வந்த மீனைத் திருப்பிக் கொடுக்க அம்மாவுக்கு மனசு வராது. பேரம் அங்கேயே முடிந்துவிடுகிறது, மிச்சம் எல்லாம் பேச்சுதான். தினம் ஐந்நூறு வார்த்தை எழுதிய காலத்தில் இந்தத் தட்டு என் கண்ணில் படவே இல்லை.

கடலூர்–புதுச்சேரி பஸ் இன்னொரு சுரங்கம். முள்ளோடையில் மாநில எல்லை. தாண்டினால் சரக்கு விலை குறைவு, அதனால் அந்த நிறுத்தத்தில் இறங்குகிற கூட்டமே தனி. ஒரு கண்டக்டர் சொன்னார்: "முள்ளோடை எறங்கறவங்க எல்லாம் எழுந்து நேரா நில்லுங்கப்பா. திரும்பி வரும்போது இப்பிடி நிக்க முடியாது." பஸ்ஸே சிரித்தது. நான் டிக்கெட் பின்னால் எழுதிக்கொண்டேன்.

இந்த முறையில் ஒரு சிக்கல் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். வீட்டில் நோட்டுக்குப் பூட்டு கிடையாது. தம்பி ஒரு நாள் ஆயாவுக்கு உரக்கப் படித்துக் காட்டிவிட்டான். பெரியம்மாவைப் பற்றி ஆயா சொன்னது அப்படியே இருந்தது. "நான் எங்கடி அப்பிடிச் சொன்னேன்? அத மொதல்ல அழிச்சிடு" என்று ஆயா பிடித்துக்கொண்டார். இரண்டு நாள் என்னோடு பேச்சு இல்லை. அன்றிலிருந்து பெயர், உறவுமுறை எல்லாவற்றையும் மாற்றித்தான் எழுதுகிறேன். ஆயாவும் இப்போது என் முன்னால் பேசும்போது, "இத எழுதிடாத" என்று முன்னுரை போட்டுவிட்டுத்தான் சுவாரசியமானதைச் சொல்கிறார்.

அம்மாவின் புகார் வேறு. "இந்த நோட்டு எழுதற நேரத்துல பயாலஜி எழுதிப் பாத்திருந்தா…" என்று தொடங்கும். பொதுத்தேர்வு முடிவு வந்த பிறகு அந்த வாக்கியம் நின்றுபோனது, மார்க் அவர் பயந்த அளவுக்கு மோசமில்லை.

நோட்டின் உழைப்பு பற்றி: 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் அரை மீட்டரை நெருங்கி மழை கொட்டியது. எங்கள் வீடு தென்பெண்ணைக் கரைப் பக்கம். புயல் போய்விட்டது என்று மூச்சு விட்ட பிறகு, சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் ஆற்றில் வந்து ஊருக்குள் ஏறியது. ரேஷன் கார்டு, சர்டிஃபிகேட், ஆயாவின் மாத்திரை எல்லாம் பரண் மேல் போனது. நோட்டுகள் கட்டிலுக்கு அடியில் இருந்தன. வெயிலில் காயவைத்துப் பிரித்தபோது, பால்பாயிண்ட் பேனாவில் எழுதிய பக்கங்கள் ஒட்டிக்கொண்டு வந்தாலும் படிக்க முடிந்தது. அதன் மையில் எண்ணெய்ப் பசை இருப்பதால் தண்ணீரில் கரைவதில்லை. ஜெல் பேனாவில் எழுதியதெல்லாம் நீலக் கறையாகப் போய்விட்டது, அழகான கையெழுத்துக்காக வாங்கிய பேனா. பிளஸ் ஒன் கோடையில் எழுதிய பாதி நாவல் அதில் போனது. அதற்காக நான் ரொம்ப அழவில்லை, அதில் எல்லாரும் எதையாவது செய்துகொண்டேதான் இருந்தார்கள். நாலு வரிக் குறிப்புகள் பெரும்பாலும் பஸ்ஸிலும் வாசலிலும் கைக்குக் கிடைத்த மலிவு பால்பாயிண்டில் எழுதியவை என்பதால் தப்பித்தன. கடலோரத்தில் இருக்கிறவர்கள் பேனா வாங்கும்போது இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளவும். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கங்களைப் போனில் படம் எடுத்து டிரைவில் ஏற்றிவிடுகிறேன்.

குறிப்பு எல்லாம் கையில், கதை டைப் செய்வது தமிழ்99 கீபோர்டில். ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழுந்துவிடும் என்பதால் பழகியபின் வேகம் வந்துவிட்டது. வாய்ஸ் டைப்பிங் செய்திக் கட்டுரைக்கு நன்றாக இருக்கிறது, மீன்காரம்மாவுக்கு ஆகாது. 'போச்சி' என்று சொன்னால் திருத்தி 'போச்சு' ஆக்கிவிடுகிறது.

பத்திரிகையில் பெயர் என்ற இலக்கை இரண்டாவது நோட்டிலேயே எடுத்துவிட்டேன். ஒரு பத்திரிகைக்குக் கதை அனுப்பினேன், கிடைத்தது என்றுகூடப் பதில் இல்லை. மறுத்திருந்தால் திட்டிவிட்டு மறந்திருப்பேன், பதிலே வராததால் மாதக்கணக்கில் மெயிலைத் திறந்து திறந்து பார்த்ததில்தான் நேரம் போனது. அனுப்புவது என் இலக்கு, அச்சாவது அவர்கள் இலக்கு என்று இப்போது பிரித்துவிட்டேன். இளம் எழுத்தாளர்களுக்கான சாகித்ய அகாதெமி யுவ புரஸ்கார் விருதுக்கே 35 வயது வரை நேரம் கொடுக்கிறார்கள், எனக்கு என்ன அவசரம் என்று ஒரு சமாதானமும் கைவசம் இருக்கிறது.

யாருக்கு இந்த முறை ஒத்துவராது? நாளுக்கு நாள் எண்ணிக்கை ஏறுவதைப் பார்த்தால்தான் உற்சாகம் வரும் என்பவர்களுக்கு. என் வகுப்புத் தோழி ஒருத்தி அப்படித்தான், அவள் வார்த்தைக் கணக்கிலேயே ஒரு தொடர்கதையை முடித்துவிட்டாள். நாலு வரிகளைச் சேர்த்துக்கொண்டே போகிறவர்களுக்கு வேறு ஆபத்து: பெட்டி நிறையச் சரக்கு இருக்கும், கதை ஒன்றும் இருக்காது. எனக்கும் அதுதான் இப்போதைய பிரச்சினை.

அதனால் இந்த வருட நோட்டின் முதல் பக்கத்தில் ஒரே ஒரு இலக்குதான். மீன்காரம்மா கதையை முடித்து ஆயாவுக்குப் படித்துக் காட்டுவது. கெடு ஜூன் 14. ஏப்ரல் 15இல் தொடங்குகிற மீன்பிடித் தடைக்காலம் அன்றோடு முடிந்து விசைப்படகுகள் மறுபடி கடலுக்குப் போகும், கதையும் அந்த இரண்டு மாதத்துக்குள்தான் நடக்கிறது. பேச்செல்லாம் தயாராக இருக்கிறது. தட்டில் வைத்த மீனை ஒரு நாள் அவரே திருப்பி எடுத்துக்கொண்டு போகிறார் என்பது வரைக்கும் வந்துவிட்டேன், ஏன் எடுத்தார் என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை.