ஐந்து வருட இ-ரீடர்: பேட்டரி மாற்றியாச்சு, அகராதி மாறவில்லை

ஆறு அங்குல இ-ரீடர் தள்ளுபடியில் வருகிறது, தமிழ் வாசிக்க வாங்கலாமா, இல்லை ஏழு அங்குலமாக எடுக்கலாமா என்று கேட்ட நண்பருக்காக இது. 300 பிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) திரை, முன்விளக்கு, வாரக்கணக்கில் நிற்கும் சார்ஜ் எல்லாம் விளம்பரத்திலேயே இருக்கும், அதை விட்டுவிடுகிறேன். ஐந்து வருடம் புழங்கி, சமீபத்தில் பேட்டரி மாற்றிய கருவியை வைத்து எழுதுவது. கம்பெனி பெயர் வேண்டாம்.

முதலில் எரிச்சல். அகராதி.

ஆங்கில நூலில் ‘வென்ட்’ என்ற சொல்லை அழுத்தினால் கருவி தானாக ‘கோ’வுக்குப் போய்ப் பொருள் சொல்கிறது. அதற்கான வடிவப் பட்டியல் அகராதிக்குள்ளேயே இருக்கிறது. தமிழில் ‘ஆற்றங்கரையில்’ என்று அழுத்துங்கள். பொருள் இல்லை. ‘மரத்தினின்றும்’? இல்லை. ‘சென்றனர்’? இல்லை. கருவி செய்வது இவ்வளவுதான்: இரண்டு இடைவெளிகளுக்கு நடுவில் இருப்பதை அப்படியே எடுத்து, அகராதியின் தலைச்சொல் வரிசையில் தேடுகிறது. ‘மரம்’ இருக்கும். ‘மரத்தை’ இருக்காது. தமிழில் பெயர்ச்சொல் வேற்றுமை ஏற்காமல் வெறுமனே நிற்கும் இடம் ஒரு பக்கத்தில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். வினைச்சொல்லோ தலைச்சொல் வடிவில் வரவே வராது என்று வைத்துக்கொள்ளலாம். ‘வா’ என்று தேட வேண்டியவன் ‘வந்துகொண்டிருந்தார்களாம்’ மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

வேடிக்கை என்னவென்றால், விரல் வைத்துத் தேட வேண்டிய தேவை எளிய நாவலில் வராது. பழைய உரைநடை, உரையாசிரியர் எழுத்து, சங்கப் பாட்டு என்று போகும்போதுதான் வரும். அங்கேதான் சந்தி சேர்ந்து மூன்று சொல் ஒன்றாக ஒட்டி நிற்கும். தேவை கூடக் கூட அகராதி கையை விரிக்கிறது.

இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை, வேலை பிடிக்கும். கோரீடர் என்ற இலவச, திறமூல வாசிப்பு மென்பொருளை உங்கள் கருவி ஏற்குமா என்று பாருங்கள். சிலவற்றில் நேராக நிறுவலாம், சிலவற்றில் பூட்டை உடைக்க வேண்டும், அதோடு வாரண்டியும் போகலாம். கோரீடர் ‘ஸ்டார்டிக்ட்’ என்ற கோப்பு வடிவில் இருக்கும் அகராதிகளைப் படிக்கும். டேப் இட்டுப் பிரித்த சாதாரண உரைக் கோப்பில் தலைச்சொல், பக்கத்தில் செங்குத்துக் கோடு போட்டு அதன் வடிவங்கள், பிறகு பொருள் என்று எழுதி, பைகுளோசரி என்ற அகராதி மாற்றும் மென்பொருள் மூலம் ஸ்டார்டிக்டாக மாற்றிவிடலாம். ‘மரம்’ ஒன்றுக்கே ஒருமை, பன்மை இரண்டிலும் பத்துப் பத்து வேற்றுமை வடிவம், ஒவ்வொன்றோடும் உம், ஏ, ஓ, தான் என்று கணக்குப் போட்டால் நூறு வரும். வல்லினம் மிகும் ‘மரத்தைக்’, ‘மரத்தைச்’, ‘மரத்தைத்’, ‘மரத்தைப்’ தனி. எனவே எல்லாவற்றையும் கையால் எழுத நினைக்காதீர்கள். மகர ஈறு, டு-று ஈறு, உகர ஈறு என்று வகை பிரித்து, விரிதாளில் சூத்திரம் போட்டு உருவாக்கலாம். வினைக்கு இறந்தகால அடியை மட்டுமாவது சேர்த்தால் பாதிக் கிணறு தாண்டியதாகும். இன்னொன்று: கோரீடரில் ‘கிட்டத்தட்டப் பொருந்தும் சொல்’ தேடலை அணைத்துவிடுங்கள். தமிழுக்கு அது சம்பந்தமே இல்லாத சொற்களை அள்ளிக்கொண்டு வரும். தேடல் பெட்டியில் விகுதியை அழித்துவிட்டு மறுபடி தேடும் வசதி இருக்கிறது, அவசரத்துக்கு அதுவே போதும்.

சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, ஒரு லட்சத்துக்கும் மேல் தலைச்சொற்கள். அவ்வளவு பெரிய களஞ்சியத்தை ஒருவன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ‘வீட்டில்’ என்ற சொல்லுக்குப் பொருள் கிடைக்காமல் நிற்பதற்குக் கோபப்படாமல் என்ன செய்வது?

நூலுக்குள் ஒரு சொல்லைத் தேடும்போதும் இதே கதைதான், காரணம் வேறு. ‘கௌரவம்’ என்று தேடினால் பாதி நூல்களில் கிடைக்காது. தட்டச்சு செய்தவர் ஔகாரக் குறியைப் போடாமல், ஒற்றைக்கொம்பும் ளகரமும் சேர்த்து ‘கெளரவம்’ என்று அடித்திருப்பார். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. ‘ஸ்ரீ’யும் அப்படியே, இரண்டு விதமாக அடிக்கலாம். இது கருவியின் குற்றமில்லை. நூல் உங்கள் கையில் இபப் (மின்னூல் கோப்பு வடிவம்) ஆக இருந்தால், கணினியில் காலிபர் என்ற மின்னூல் மென்பொருளின் திருத்தும் பகுதியில் திறந்து, ‘கெள’, ‘மெள’ என்று தேடி ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். மொத்தமாக மாற்றினால் ‘கெளுத்தி’, ‘மெள்ள’ எல்லாம் நாசமாகும்.

இனி எதிர்பாராத சந்தோஷம். அது ஸ்கேன் பிடிஎஃப்.

ஆறு அங்குலத்தில் ஸ்கேன் நூல் படிக்க முடியாது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நிமிர்த்திப் பிடித்தால் உண்மை. டெமி ஒன்றுக்கு எட்டு என்ற வழக்கமான நூல் அளவில் வரும் புத்தகத்தில் அச்சுப் பகுதி மட்டும் சுமார் 10.5 செ.மீ. அகலம், 17 செ.மீ. உயரம். திரையோ 9 செ.மீ. அகலம், 12 செ.மீ. உயரம். முழுப் பக்கத்தையும் அடைத்தால் எழுத்து எழுபது சதவீதமாகச் சுருங்கும், புள்ளிகள் காணாமல் போகும். ஓரங்களை வெட்டி, கருவியைப் படுக்கவைத்துப் பாருங்கள். இப்போது அகலம் 12 செ.மீ. எழுத்து அச்சிட்ட புத்தகத்தைவிடச் சுமார் பதினான்கு சதவீதம் பெரியது! ஒரு பக்கத்துக்கு இரண்டு, மூன்று தட்டல். அவ்வளவுதான் விலை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் கிடைக்கும் பழைய பதிப்புகளைப் படுத்துக்கொண்டு படிக்க இதைவிட வசதி அச்சிலும் கிடையாது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ‘ணை’, ‘லை’ யானைத்துதிக்கைகளோடு, ஈய எழுத்து அழுந்திய தடத்தோடு வரும்.

மாறுபாட்டை (கான்ட்ராஸ்ட்) மட்டும் கவனமாக வையுங்கள். குறைவாக இருந்தால் மங்கிய ஈய எழுத்தின் புள்ளி மறைந்து ‘க்’, ‘க’ ஆகிவிடும். ஏற்றிக்கொண்டே போனால் ‘இ’, ‘ண’, ‘ஜ’ போன்றவற்றின் சுழி அடைபட்டுக் கரும்பொட்டாகும். ‘ண்’ணின் சுழியும் புள்ளியும் இரண்டும் தெளிவாகத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள், மற்ற எழுத்துகள் தாமே சரியாகும்.

செய்யுளுக்கும் படுக்கைவசம்தான். நிமிர்த்திப் பிடித்து, கண்ணுக்கு இதமான எழுத்தளவு வைத்தால் நாற்சீர் அடியின் நான்காம் சீர் அடுத்த வரிக்கு விழுந்துவிடும். குறள் இரண்டடி என்பது போய் மூன்று, நான்கு என்று நிற்கும். அறுசீர் விருத்தத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். உரைநடையில் இருபக்க ஓரமும் நேராக வரும் அமைப்பை அணைத்து, இடப்பக்கம் மட்டும் சீராக வையுங்கள். ஒரு வரியில் மூன்று சொல்தான் பிடிக்கும் இடத்தில், நீளச் சொல் ஒன்று கீழே இறங்கினால் மிச்ச இரண்டும் ஆளுக்கொரு மூலையில் நிற்கும்.

எழுத்துரு: உள்ளே வருவது மெலிசாக இருந்தால் மீரா இனிமையையோ கட்டமரனின் நடுத்தரத் தடிமனையோ எழுத்துருக் கோப்புறையில் போடுங்கள். நோட்டோ செரிஃப் தமிழ் அழகுதான், ஆனால் அதன் மெல்லிய கோடுகள் மின்மை (இ-இங்க்) திரையில் வெளுக்கும். ஒரு படி தடித்ததை எடுங்கள். தமிழ் நூல்களை இலவச மின்னூலாகத் தரும் மதுரைத் திட்டத்தின் பழைய கோப்புகள் சில டிஸ்கி என்ற பழைய தமிழ் எழுத்துக் குறியீட்டில் இருக்கும், அது 1998 பொங்கலன்று தொடங்கிய முயற்சி, அப்போது யூனிகோடு பரவலாகவில்லை. திறந்தால் புரியாத இலத்தீன் எழுத்துகள் வரும். என்எச்எம் மாற்றி என்ற குறியீடு மாற்றும் மென்பொருளில் போட்டு யூனிகோடாக்கிவிட்டுப் பிறகு ஏற்றுங்கள்.

பேட்டரி. 40 சதவீதத்திலிருந்து திடீரென 5க்கு விழுந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது. ஆனால் இரண்டே நாளில் சார்ஜ் தீர்கிறது என்பதற்காக மட்டும் மாற்றிவிடாதீர்கள். ஒரே நேரத்தில் முந்நூறு நூல் ஏற்றினால் கருவி தேடலுக்காகப் பின்னணியில் சொல் அட்டவணை போட்டுக்கொண்டே இருக்கும். கெட்டுப்போன கோப்பு ஒன்று மாட்டிக்கொண்டால் அது முடியவே முடியாது. பத்து இருபதாக ஏற்றுங்கள், வைஃபையை அணையுங்கள், சந்தேகப்படும் கோப்பை நீக்கி இரண்டு நாள் பாருங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் மாற்றலாம். பேட்டரியின் மில்லிஆம்பியர்-மணி அளவோடு தடிமனும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். உலோக நெம்புகோல் கூடாது, பிளாஸ்டிக் வில்லைதான். திரைப்பக்கமாக நெம்பவே கூடாது. உள்ளிருக்கும் கண்ணாடி மெல்லியது, விரிசல் விட்டால் திரையின் விலை கருவியின் விலையை நெருங்கும். இணைப்பானைக் கம்பியைப் பிடித்து இழுக்காமல், அதன் உடலைப் பிடித்து எடுங்கள்.

ஏழு அங்குலமா என்று கேட்டீர்கள். அதன் அகலம் 10.7 செ.மீ., டெமி அச்சுப் பகுதி நிமிர்ந்த நிலையிலேயே அச்சளவில் நிற்கும், பக்கத்துக்கு இரண்டு தட்டல். கூடுதல் பணம் கொடுக்கலாம். பத்து அங்குலத்தை ஒரு கையில் பிடித்துப் படுத்துப் படிக்க முடியாது.

ஆக, மொட்டைமாடி வெயிலிலும் படிக்கலாம், கரண்ட் போன இரவிலும் படிக்கலாம், ஐந்து பாக நாவல் 200 கிராமுக்குள் அடங்கிவிடுகிறது, ஐந்து வருடத்தில் ஒரே ஒரு ரிப்பேர். இருந்தும், தமிழுக்காக மட்டும் என்றால் இன்றைக்கு வாங்கச் சொல்ல மனம் வரவில்லை. இதை எழுதும்போதே ‘உவந்தனன்’ என்று அழுத்திப் பார்த்தேன். இல்லையாம். நாளைக்குக் கேட்டால் வேறு சொல்வேனோ என்னவோ.

தள்ளுபடி முடிவதற்குள் முடிவெடுக்க வேண்டும் என்றால், கடையில் காட்சிக்கு வைத்திருப்பதில் ஒரு தமிழ் நூலைத் திறந்து, ஒரே பக்கத்தில் பத்துச் சொற்களை அழுத்திப் பாருங்கள். மூன்றுக்காவது பொருள் வந்தால் வாங்கிவிட்டு எனக்கும் மாடல் பெயரைச் சொல்லுங்கள்.